தட்டை எடுத்துக் கொடுத்தவருக்கு

நேற்று சாயங்காலம் டிஸ்கஸில் (தட்டு எறிதலில்) என் கடைசி எறிதலுக்கு, அது செல்லும் என்று வெள்ளைக் கொடி உயர்ந்ததைப் பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அதற்கு முன்னால் இடது முழங்கால் காயத்தோடு போன 14 மாதங்களும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நகக்கண்ணில் இன்னும் பவுடர் ஒட்டியிருக்கிறது, ராத்திரி தூக்கமும் வரவில்லை. அதனால் நன்றியை மட்டும் எழுதிவிடுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் மொத்தமாக. முழங்காலைச் சரிசெய்த டாக்டர், நான் அழுதபோதெல்லாம் கடிகாரத்தைப் பார்க்காத பிசியோ, ஷூ அனுப்பிய எதிராளிகள் (ஆமாம், எதிராளிகள்தான்), பண உதவி செய்துவிட்டுப் பெயர் சொல்லாதவர்கள், "எப்போ திரும்ப வருவே?" என்று ஒருமுறைகூடக் கேட்காத என் வீட்டார் எல்லோரும் இதில் சேர்த்தி. கோச்சுக்குத் தனியாக ஒரு வரி. டிஸ்கஸோடு நான் எறியும் இன்னொன்றான ஷாட்புட்டில் (குண்டு எறிதலில்) பத்து வருஷம் பழகிய சுழற்சியை, அதாவது சுற்றி வந்து எறிவதை விட்டுவிட்டு, அமெரிக்க வீரர் பாரி ஓ'பிரையன் 1950களில் கொண்டுவந்த அந்தப் பழைய கிளைடுக்கு, அதாவது முதுகைக் காட்டி நின்று நேராகச் சறுக்கி வந்து எறிவதற்குத் திரும்பச் சொன்னவர் அவர். சுழற்சி என்றால் ஆரம்பத்திலேயே முழு உடம்பும் இடது காலில் ஏறித் திரும்ப வேண்டும், கிளைடில் உந்துவது வலது கால். இடது காலுக்குக் கடைசியில் விழும் அந்த ஒரே அடிதான். "அந்த ஒரு அடியை மட்டும் தாங்கட்டும்" என்றார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நேற்று காலையில் அந்த முழங்கால் அடியைத் தாங்கியது. அவர் சொன்னதுதான் சரி, எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அமெரிக்க வீரர் ஆல் ஓர்ட்டர் கதையை அனுப்பியவர்கள் மட்டும் பத்துப் பதினைந்து பேர் தேறுவீர்கள். 1956 முதல் 1968 வரை நான்கு ஒலிம்பிக், டிஸ்கஸில் நான்கு தங்கம். 1964 டோக்கியோவில் விலாக் குருத்தெலும்பு கிழிந்த நிலையில், டாக்டர்கள் ஓய்வெடுக்கச் சொல்லியும் கேட்காமல், ஐந்தாவது எறிதலில் 61 மீட்டர் எறிந்து ஜெயித்தவர். அன்பில் அனுப்பினீர்கள், புரிகிறது. ஆனால் என் பிசியோ அதைப் படித்துவிட்டு, "இன்னொருத்தர் இதை அனுப்பினா உன் போனைப் பிடுங்கி வெச்சிடுவேன்" என்றார்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

டிஸ்கஸ் எறிபவரின் வாழ்க்கை எறிவதில் போகிறது என்று வெளியில் நினைப்பார்கள். போட்டியில் கிடைப்பது அதிகபட்சம் 6 எறிதல், எல்லாம் சேர்த்தாலும் கால் நிமிஷம் தேறாது. மீதி வாழ்க்கை நடப்பதில்தான் போகிறது. எறிந்ததை எடுக்கப் போய், எடுத்துக்கொண்டு திரும்பி வருவது. தட்டைத் திருப்பி எறியக் கூடாது, கையில்தான் கொண்டுவர வேண்டும். போட்டியில் அது விதி, பயிற்சியில் அது உயிர்ப் பயம்.

மறுபடி எறியலாம் என்று அனுமதி கிடைத்தபோது பிசியோ சொன்ன கணக்கு, நின்ற இடத்திலிருந்து 30 எறிதல், அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. என்னிடம் அப்போது சரியான எடையில் இருந்தது ஒரே ஒரு டிஸ்கஸ். 35 மீட்டர் போய் 35 மீட்டர் வந்தால், 30 எறிதலுக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடை, அதுவும் குண்டு விழுந்து விழுந்து பள்ளமான தரையில். எறிதலை எண்ணினோமே தவிர நடையை யாரும் எண்ணவில்லை. எறியும்போது வலிக்காத முழங்கால் எடுக்கப் போகும்போது வலித்தது. பத்துப் பன்னிரண்டோடு நிறுத்திவிட்டு, 30 எறிந்ததாக நோட்டில் எழுதி வைப்பேன்.

அந்த மைதானத்தைச் சுற்றிக் காலையில் நடக்க வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்றார், போடவில்லை. விளையாட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரு நாள் நான் நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்து, கீழே கிடந்த டிஸ்கஸை அவரே எடுத்துக்கொண்டு வந்தார். வலைக்கூண்டுக்குப் பக்கத்தில் வந்ததும் உதவியாகத்தான் என் காலடிக்குத் தூக்கிப் போட்டார். அது எறிவட்டத்தின் இரும்பு விளிம்பில் பட்டு, டிஸ்கஸின் ஓரத்தில் நகம் மாட்டுகிற அளவுக்கு ஒரு வெட்டு விழுந்தது.

நான் கத்தினேன். "யார் உங்களைத் தொடச் சொன்னது?" என்று என் அப்பா வயதுக்காரரைப் பார்த்துக் கத்தினேன். அத்தனை மாதங்களாக யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் வைத்திருந்த கோபம் முழுவதையும் அவர் மேல் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மறுநாள் காலை வந்தார். தூரத்திலேயே நின்று, "இன்னிக்குத் தொடலாமாம்மா?" என்று கேட்டார்.

எனக்குப் பேச்சு வரவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். அன்றிலிருந்து ஏழு மாதம். டிஸ்கஸ் விழ வேண்டிய பகுதியைக் காட்டும் செக்டர் கோட்டுக்கு வெளியே, வெகுதூரம் தள்ளி நிற்கச் சொன்னேன், ஒரு நாளும் அதைத் தாண்டி அவர் வந்ததில்லை. டிஸ்கஸ் விழுந்து அடங்கிய பிறகுதான் கிளம்புவார். எடுத்து, துண்டால் துடைத்து, என் கையில் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போவார். போய்ச் சேர்ந்ததும் கையைத் தூக்குவார், அதன் பிறகுதான் நான் எறிவேன். முதல் முறையாக 30 எறிதலையும் முடித்த அன்று நோட்டில் 30 என்று எழுதினேன். முந்தைய பக்கங்களில் இருந்த பொய் 30களையெல்லாம் அடித்தேன்.

எத்தனை மீட்டர் என்று அவர் கேட்டதே இல்லை. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. பழைய தூரத்தில் எத்தனை மீட்டர் குறைகிறது என்று என்னைவிட நன்றாகக் கணக்கு வைத்திருந்தவர்கள் உண்டு. அவர் ஒரே ஒரு நாள்தான் எறிதலைப் பற்றிப் பேசினார். "முன்னெல்லாம் இந்தத் தட்டு கிறுகிறுன்னு ஆடிக்கிட்டே வரும்மா, விழுந்ததும் உருண்டு ஓடும். ரெண்டு நாளா ஆடாம வருது. படுத்த மாதிரியே வந்து இறங்குது."

கோச்சிடம் சொன்னேன். அவர் நம்பாமல் மறுநாள் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு, "ஆமா, ஆட்டம் நின்னுடுச்சு" என்றார். காலைக் காப்பாற்றும் பயத்தில் நான் அவசரப்பட்டுக் கையை விட்டுக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரலில் உருண்டு கடைசியாக வெளியேற வேண்டிய டிஸ்கஸ் அரைகுறைச் சுழற்சியோடு போய்க்கொண்டிருந்தது. முழங்கால் மேல் நம்பிக்கை வந்ததும் விரல் தன் வேலையைச் செய்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் எறிபவரைப் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்க்கிறோம், வீடியோவும் அங்கிருந்துதான் எடுக்கிறோம். டிஸ்கஸ் வந்து சேருவதை முன்னாலிருந்து பார்ப்பது எடுத்துக் கொடுக்க நிற்பவர் மட்டும்தான். 16 வருஷமாக எறிகிறேன், இது எனக்குத் தோன்றியதில்லை.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். எங்கள் மைதானத்தில் புதிதாக எறிய வந்திருக்கும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் நான் எடுத்துக் கொடுக்கப் போகிறேன். டெக்னிக் ஒன்றும் சொல்லித்தர மாட்டேன், அதற்குக் கோச் இருக்கிறார். அந்தப் பக்கம் நின்று, எடுத்து, துடைத்துக் கொடுப்பேன். இரண்டு வாரத்தில் மறந்துவிட்டால் யாராவது இதைக் காட்டிக் கேளுங்கள்.

நேற்றைய கதையில் உங்களுக்குத் தெரியாத ஒன்று பாக்கி. போட்டிக்கு முன்னால் கருவிகளைச் சோதிக்கும் இடத்தில் என் டிஸ்கஸை வாங்கிய அதிகாரி அதன் ஓரத்தில் விரலை ஓட்டினார். அந்த வெட்டில் விரல் நின்றது. உதட்டைப் பிதுக்கி ஒதுக்கி வைத்துவிட்டார், நியாயம்தான். மைதானத்தில் பொதுவாக வைத்திருந்த டிஸ்கஸை எடுத்துத்தான் எறிந்தேன். முதல் இரண்டும் வலையில் போய் விழுந்ததை இந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவதற்கு முன்னால், வெகுதூரத்தில் நின்ற நடுவர் ஒருவர் எதற்கோ கையைத் தூக்கினார். நான் எறியலாம் என்று எடுத்துக்கொண்டேன்.

வெட்டைத் தேய்த்து வழவழப்பாக்கிவிடலாம், எடையும் பெரிதாகக் குறையாது என்கிறார் கோச். வேண்டாம் என்றுவிட்டேன். போட்டிக்கு வேறு வாங்கிக்கொள்கிறேன், இது பயிற்சிக்கு இருக்கட்டும்.

ஐயா, அன்றைக்குக் கத்தியதற்கு ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட நான் மன்னிப்புக் கேட்கவில்லை. தினமும் டிஸ்கஸை வாங்கும்போது கேட்க நினைப்பேன், அதற்குள் நீங்கள் திரும்பி நடக்க ஆரம்பித்திருப்பீர்கள். இப்போது எல்லோர் முன்னாலும் கேட்கிறேன், மன்னித்துவிடுங்கள். நாளை ஒரு நாள் எனக்கு ஓய்வு, நீங்கள் நடந்துவிட்டுப் போங்கள். மறுநாள் ஆறு மணிக்கு வருகிறேன்.