மியூட் போட்டு இருமும் மகளுக்கு

பாம்பன்,
புரட்டாசி கடைசி ஞாயிறு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஓட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாயே, அதனால்தான் எழுதுகிறேன். அதுவும் போக, பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று உன் பக்கம் சத்தம் அற்றுப்போகிறது. ஃபேன் சத்தம்கூடக் கேட்பதில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கரகரத்த குரலில் "ம், சொல்லும்மா" என்கிறாய். மியூட் போட்டு இருமுகிறாய் என்று எனக்குப் புரிய மூன்று வாரம் ஆனது. தம்பிதான் அந்தப் பட்டனைக் காட்டினான்.

நிமோனியா வந்து ஏழு வாரம்கூட முடியவில்லை. அதற்குள் ஐந்து கிலோமீட்டர் ஓடப்போய் மூன்றாவதிலேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாயாம். டிசம்பரில் 42 கிலோமீட்டர் மாரத்தானுக்குப் பணம் வேறு கட்டியிருக்கிறாய். தம்பியிடம் சொன்னது என்னிடம் வராது என்று நினைத்தாயா?

நர்ஸ் வேலை பார்க்கும் உன் அத்தை மகளிடம் கேட்டேன். நிமோனியாவுக்கு ஒரு கணக்கு இருக்கிறதாம். காய்ச்சல் ஒரு வாரத்தில் விடும், நெஞ்சுவலியும் சளியும் ஒரு மாதத்தில் குறையும், இருமலும் மூச்சு வாங்குவதும் ஒன்றரை மாதத்தில் அடங்கும். மூன்று மாதம் ஆனாலும் அசதி மட்டும் கிடக்கும். பழையபடி ஆக ஆறு மாதம்கூட ஆகுமாம். படுத்துக் கிடந்த நாட்களில் ரத்தத்தில் நீர் குறைந்து, கால் சதையும் இளைத்துப் போகுமாம். அதனால்தான் மாடிப்படி ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது என்றாள். உனக்கு வயது 29, தினமும் ஓடின உடம்பு, சீக்கிரம் தேறலாம். ஆனால் மாத்திரை தீர்ந்த தேதியை நோய் தீர்ந்த தேதியாக எழுதிவைத்துக்கொள்ளாதே.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ ஒன்பதாவது படித்த வருஷம் மாசியில் எனக்கு இதே காய்ச்சல் வந்தது நினைவிருக்கும். மூன்றாவது வாரமே பாசி எடுக்கக் கடலுக்குப் போய்விட்டேன். குழுக் கடன் தவணை நின்றிருந்தது. அன்றைக்குப் பறித்தது மரிக்கொழுந்து என்கிற கடல்பாசி. தண்ணீர் இரண்டு ஆள் ஆழம்கூட இருக்காது. முங்கி, கடலடிப் பாறையான பாரைப் பிடித்து, முதல் கொத்தைப் பறித்துவிட்டேன். இரண்டாவதுக்குக் கை நீட்டும்போது நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி இருந்தது. இருமல் வந்துவிட்டது, தண்ணிக்குள்ளே. வாயைத் திறந்ததுதான் தெரியும். பக்கத்தில் முங்கியிருந்த பெரியம்மா என் கொண்டையைப் பிடித்து மேலே இழுத்தாள். வள்ளத்தில் குப்புறப் போட்டு முதுகில் அவள் குத்திய குத்து நாலு நாள் வலித்தது. வீட்டில், பாரில் கால் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன். நீகூட எண்ணெய் தேய்த்துவிட்டாய்.

அப்புறம் ஒழுங்காகத் திரும்பி வந்த கதையும் கேள். இரண்டு வாரம் வள்ளத்திலேயே உட்கார்ந்து, மற்றவர்கள் எடுத்து வந்த பாசியைத் தரம் பிரித்தேன். பங்கு குறைவுதான், எரிச்சலாகத்தான் இருந்தது. சித்திரை, வைகாசியில் பாசி வளரட்டும் என்று 45 நாள் யாரும் கைவைக்க மாட்டோம் அல்லவா, அதுவும் சேர்ந்துகொண்டது. ஆனியில் இடுப்பளவுத் தண்ணீரில் தொடங்கினேன். ஒரு நாளைக்குப் பத்து முங்குதான். அடுத்த வாரம் பதினைந்து. முங்கி எழுந்தபின் மாதாவை வேண்டும் அருள்நிறை மந்திரத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். நடுவில் உடையாமல் முடிந்தால் அடுத்த முங்கு, உடைந்தால் கரை. முன்பெல்லாம் முங்கும்போது கடைசி மூச்சுவரை இருந்து பறிப்பேன். அந்த வருஷத்திலிருந்து, கண்ணெதிரே இன்னொரு கொத்து ஆடிக்கொண்டிருக்கும்போதே மேலே ஏறிவிடுகிறேன். பழைய ஆழத்துக்குப் போக ஐப்பசி ஆனது.

உனக்கு அத்தை மகள் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். முதலில் நடை மட்டும். அரைமணி நேரம் வேகமாக நடந்து, மறுநாள் அசதி இல்லாமல் எழுந்தால், நடைக்கு நடுவே ஒரு நிமிடம் ஓட்டம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்துக்கு மேல் போகக்கூடாதாம். காலையில் படுக்கையிலேயே நாடி பார், வழக்கத்தைவிடப் பத்து கூடுதலாக இருந்தால் அன்றைக்குச் செருப்போடு இரு, ஷூ வேண்டாம். உடம்பு சுட்டால் ஓட்டம் அறவே கிடையாது, இதயத் தசையைப் பாதிக்கக்கூடும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றிக் கண் இருட்டினாலோ டாக்டரிடம் போ. தம்பிக்குப் போன் போடாதே, அவன் டாக்டர் இல்லை. கோயம்புத்தூரில் விடியற்காலை குளிர்ந்த காற்றை வாயால் இழுத்தால் இருமல் கிளம்பத்தான் செய்யும், வெயில் ஏறியதும் போ.

டிசம்பருக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும். (எவ்வளவு என்று அப்பாவிடம் சொல்லவில்லை.)

இங்கே கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது, வாடைக்காற்று இன்னும் தொடங்கவில்லை. தனுஷ்கோடி ரோட்டில் மணல் பறக்காத நாட்கள் இவை. போன வருஷம் நீ முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைவரை ஓடிப்போய்த் திரும்பினாயே, பத்தொன்பது கிலோமீட்டர், அப்பா பைக்கில் பின்னாலேயே வந்து பெட்ரோல் கணக்குச் சொன்னாரே. பொங்கலுக்கு வந்தால் அதே ரோட்டில் நாம் இருவரும் நடப்போம். ஒரு பக்கம் அமைதியான பெண்கடல், ஒரு பக்கம் அலையடிக்கும் ஆண்கடல், எதைப் பார்ப்பது என்று நீ சண்டை போடாமல் வந்தால் சரி. என் முழங்காலுக்கு மூன்று கிலோமீட்டர்தான் தாங்கும்.

சூடைக் கருவாடு கொடுத்துவிடுகிறேன். நண்டு ரசத்துக்குப் பொடி தனியாகக் கட்டியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு போன் பண்ணும்போது உட்கார்ந்து பேசாதே. நடந்துகொண்டே பேசு, அந்தப் பட்டனைத் தொடாதே. இருமல் வந்தால் வரட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்
அம்மா