சேவியருக்கு, அந்த மூன்றாவது ஆக்சில் பற்றி

வில்லியனூர்

அன்புள்ள சேவியர்,

இங்கே எல்லோரும் நலம். மேரிக்கு முட்டிவலி குறைந்ததா? அம்மா இன்னமும் கேட்கிறாள், "அந்த பிரான்சுக்காரன் கருவாடு தின்கிறானா, விட்டுட்டானா?" என்று. நீ ரகசியமாகத் தின்பதாகச் சொல்லிவைத்திருக்கிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

புது டிரெய்லருக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறோம். நாற்பதடி, மூன்று ஆக்சில். இதில் என்ன புதினம் என்பாய். நம் வீட்டு இன்ஜினியர் பையன் கடைசி ஆக்சில் ஸ்டியரிங் ஆக்சிலாக, அதாவது திருப்பத்தில் சக்கரம் தானாகத் திரும்பும் அச்சாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். விதை போட்டவன் நீ. லியோன் பக்கம் ஏதோ சூப்பர் மார்க்கெட் சந்தில் ஒரு டிரெய்லர் அலுங்காமல் திரும்பிப் போவதை வீடியோ எடுத்து அனுப்பினாயே, அதைச் சாப்பிடும்போதுகூட என் முகத்துக்கு நேரே நீட்டுகிறான்.

அவன் பேசுவதெல்லாம் டயர் கணக்கு. அதில் தப்பு சொல்ல முடியாது. மூன்று ஆக்சிலும் அசையாமல் நின்றால், திருப்பத்தில் நடு ஆக்சில் மட்டும்தான் ஒழுங்காக உருளும். முன்னதும் பின்னதும் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே வரும். நம் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை முனைகளில் தார் மேல் கறுப்பு கறுப்பாகக் கோடு கிடக்கிறதே, அது முழுக்க நம் ஆட்களின் காசு. வெயில் காலத்தில் முழு லோடோடு நின்ற இடத்திலிருந்து ஒடித்துத் திருப்பினால், ரீட்ரெட் போட்ட டயரில் ஒட்டிய பட்டையே உரிந்துவிடும். ஸ்பிரிங் பட்டைச் செட்டும் புஷ்ஷும் சேர்ந்தே அடிபடும். கடைசி ஆக்சில் தானாகத் திரும்பிக்கொண்டால் இதில் பெரும்பங்கு மிச்சம்தான்.

ஆனால் சேவியர், எனக்கு டயரைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. குணாவின் தம்பிக்கு நேர்ந்த விபத்து உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வில்லியனூர் வளைவில் நம் வண்டி இடதுபக்கம் திரும்பும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. முன்வண்டி அகலமாக எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்து, இடப்பக்கம் வழி இருக்கிறது என்று பைக் ஓட்டுபவன் நுழைகிறான். பின்னால் வரும் நாற்பதடி உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும் என்று அவனுக்கு யார் சொல்வது? டிரைவர் உட்கார்ந்திருப்பதோ வலப்பக்கம்.

கடைசி ஆக்சில் திரும்பினால் வண்டி சுழலும் புள்ளி நடு ஆக்சிலிலிருந்து முன்னே நகர்ந்து, முதல் இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில் வந்துவிடும். ஆக்சிலுக்கு ஆக்சில் 1.36 மீட்டர் என்றால் அதில் பாதி. டிரெய்லர் அந்த அளவு குட்டையானதுபோல் நடந்துகொள்ளும். பையன் பேப்பரில் போட்டுக் காட்டினான்: நெருக்கமான திருப்பத்தில் உள்ளே வெட்டுவது ஓரடி, ஒன்றரை அடி குறைகிறது. ஒன்றரை அடி என்பது ஒரு ஆள் அகலம். இதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

இப்படிக் கணக்கை முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்றால், இன்னொரு பக்கம் இருக்கிறது. சுழலும் புள்ளி முன்னே போனால் அதற்குப் பின்னால் தொங்கும் நீளம் கூடுமே. இடதுபக்கம் திரும்பும்போது வால் வலப்பக்கம் வீசும். அந்த நேரம் முன்வண்டி இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் வலது கண்ணாடியில் தெரிவது வெறும் ரோடு, டிரெய்லர் தெரியாது. முதலியார்பேட்டையில் வலப்பக்கம் ஒட்டி டவுன் பஸ் நின்றால் என்ன ஆகும்? உன் நாட்டில், 12.5 மீட்டர் ஆரத்துக்கு வெளியே போகாமல், உள்ளே 5.3 மீட்டருக்குள் வெட்டாமல் வண்டி திரும்பியாகவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பிரிட்டன்காரர்கள் டிரெய்லரை 15.65 மீட்டருக்கு நீட்டும் சோதனையை 2012இல் ஆரம்பித்து, 2023இல்தான் பொதுவாக அனுமதித்தார்கள். அதற்கு ஸ்டியரிங் ஆக்சில் கைகொடுத்தது என்றாலும், வால் வீச்சுக்காக டிரைவர்களுக்குத் தனிப் பயிற்சியும் கொடுத்தார்கள். இங்கே நான் யாருக்குப் பயிற்சி கொடுப்பது? பயிற்சி முடிந்த மறுநாள் அவன் வேறு கம்பெனிக்குப் போயிருப்பான்.

டிரைவர்களில் கலியன் ஒருத்தன்தான் ஒழுங்காகக் கேள்வி கேட்டான். "மேலிருந்து கம்பி, ராடு ஒன்றும் வரலையே, எப்படித் தானா திரும்பும்?" என்றான். ஜிப்மரில் ஸ்ட்ரெச்சர் தள்ளும்போது சக்கரம் தான் சுழலும் முளைக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டே வந்து தானாகத் திரும்புமே, அந்த வித்தைதான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ பின்னால தள்ளினா அந்தச் சக்கரம் குறுக்கே மடங்கிக்குமே?" என்றான். பார்த்தாயா! எட்டாம் வகுப்பு படித்த ஆள்.

அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ரிவர்ஸ் எடுப்பதற்கு முன் ஆக்சிலை நேராக்கிப் பூட்டவேண்டும். நேராக இல்லாவிட்டால் பூட்டு விழாது, முன்னால் கொஞ்சம் நகர்த்தி நேராக்கிக்கொள்ளவேண்டும். பூட்டு காற்றில் வேலை செய்யும், அதற்கான உத்தரவு ரிவர்ஸ் லைட் வயரிலிருந்து வரும். நம் ஊர் டிரெய்லர் பிளக்கில் ரிவர்ஸ் வயர் உயிரோடு இருந்து நீ பார்த்ததுண்டா? கடலூர் சிப்காட்டில் உப்புக் காற்றில் நிற்கும் வண்டி அது. பிரேக் லைட் எரிந்தாலே நாம் கும்பிடுவோம். பூட்டு விழாமல் லோடோடு பின்னால் தள்ளினால் ஆக்சில் ஒருபக்கமாக ஒடித்துக்கொள்ளும், டிரெய்லர் தன் இஷ்டத்துக்குப் போகும். முன்வண்டியோடு ஹைட்ராலிக்கில் கோத்துத் திருப்பும் வகையில் இந்தத் தொல்லை இல்லை, ரிவர்ஸிலும் அது சொன்னபடி திரும்பும். விலையைக் கேட்டதும் நானே நேராகப் பூட்டிக்கொண்டேன்.

அப்புறம் டயர். உங்கள் ஊரில் ஆக்சிலுக்கு அகல டயர் இரண்டு, அதனால் திரும்ப இடம் கிடைக்கிறது. நமக்கு ஆக்சிலுக்கு நாலு டயர், அதுவும் 10.00 ஆர் 20 அளவு. ஜோடி டயரோடு திரும்ப, வண்டியின் சேசிஸுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இடம் ஏது? கோணம் குறைந்துபோகும், பலனும் குறையும். அகல டயருக்கு மாறலாம் என்றால், நம் சட்டம் டயரை எண்ணித்தான் எடை கொடுக்கிறது. 2018 திருத்தத்துக்குப் பிறகும் தனி ஆக்சிலில் நாலு டயர் இருந்தால் 11.5 டன், இரண்டு டயர் என்றால் 7.5 டன். ராத்திரி சிதம்பரம் தாண்டி அகல டயர் ஒன்று வெடித்தால் எந்தப் பஞ்சர் கடையில் மாற்று கிடைக்கும் சொல்!

நெடுஞ்சாலையில் இது பெரிய லாபமும் இல்லை. தூத்துக்குடி லைனில் வண்டி திரும்பப்போவது எத்தனை தடவை? நேர் ரோட்டில் அந்த ஆக்சில் சும்மா எடைதான். முளை, புஷ், டை ராடு எல்லாவற்றுக்கும் வேளாவேளைக்கு கிரீஸ் வேறு. முளையில் ஆட்டம் விழுந்தால் சக்கரம் நடுங்க ஆரம்பித்து, மிச்சம்பிடித்த டயரையே தின்றுவிடும். மழை பெய்த ரோட்டில், பக்கவாட்டு இழுப்பை மற்ற இரண்டு ஆக்சிலும்தான் தாங்கவேண்டும். நாகப்பட்டினம் ரோட்டில் நெல் காயப்போட்டு வழுக்குவதையும் நினைத்துக்கொள். வேகம் கூடினால் பூட்டிக்கொள்ளும் வகையும் இருக்கிறதென்கிறான் பையன். மறுபடியும் வயர்.

காலியாக ஓடும்போது தூக்கிக்கொள்ளும் லிஃப்ட் ஆக்சில் போதுமே என்று என் மச்சான் சொல்கிறார். காலி வண்டியில் அது நல்ல வேலைதான். ஆனால் வில்லியனூர் வளைவில் என்னை உறுத்துவது காலி வண்டியில்லை.

ஆகவே இப்படி முடிவு செய்திருக்கிறேன், பையனுக்கு இன்னும் சொல்லவில்லை. லைன் வண்டிகள் இருந்தபடியே இருக்கட்டும். கடலூர் சிப்காட், மேட்டுப்பாளையம், வில்லியனூர் என்று சுற்றும் வண்டிக்கு மட்டும் ஸ்டியரிங் ஆக்சில். அதைக் கலியன் மட்டும் ஓட்டுவான். பூட்டுக்கு ரிவர்ஸ் லைட்டை நம்பாமல் கேபினில் தனி சுவிட்ச், பூட்டு விழுந்ததும் எரிய ஒரு விளக்கு. வாலில் இரண்டு பக்கமும் மஞ்சள் பட்டை.

உன்னால் ஒரு வேலை ஆகவேண்டும். பூட்டு சிலிண்டரின் சீல் செட், முளை புஷ் செட் இரண்டும் இங்கே உடனே கிடைக்காது என்கிறார்கள். அங்கே என்ன விலை, எத்தனை நாள் ஓடிய பிறகு மாற்றுகிறார்கள் என்று உன் பட்டறை ஆட்களிடம் கேட்டு எழுது. டிசம்பரில் வரும்போது இரண்டு செட் பெட்டியில் போட்டுக்கொண்டு வா. அந்த நாற்றமெடுத்த சீஸை விட்டுவிட்டால் இடம் கிடைக்கும்.

அன்புடன்,
தட்சிணா