கட்டுமான சைட்டில் வேலை பார்த்தவர்களுக்கு எம்.இ. படிக்க வழி செய்யுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எம்.இ. சேர்க்கை சமயம் வந்தாலே, "பையன் சிவில் முடிச்சிட்டு சும்மா இருக்கான், கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட்ல எம்.இ. போட்டு விட்டுடலாமா?" என்று தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். அடுக்குமாடிக் கட்டுமானங்களில் சைட் இன்ஜினீயராக வேலை பார்த்துவிட்டு அந்தப் படிப்பை முடித்தவள் என்பதால் கேட்கிறார்கள். இரண்டு வருஷமாவது சைட்டுக்கு அனுப்புங்கள், அப்புறம் படிக்க வையுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். பெற்றோருக்குச் சொல்வதைக் கல்லூரிகளுக்கும் அரசுக்கும் சொல்லவே இந்தக் கடிதம்.

எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எத்தனை ஆள், எவ்வளவு பொருள், ஒப்பந்த ஷரத்து, தரம், பாதுகாப்பு: இந்தப் படிப்பின் பாடங்கள் இவைதான். சைட்டில் கால் வைக்காதவருக்கு இவை மனப்பாடப் பகுதியாகவே நின்றுவிடும்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில், தலைமை அலுவலகத்திலிருந்து பிரைமவேரா என்ற திட்டமிடல் மென்பொருளில் போட்ட ஷெட்யூல் வந்தது. ஒரு தளத்துக்குப் பத்து நாள். அதை, கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் முட்டுகளைக் கொடுக்கும் சென்ட்ரிங் மேஸ்திரிக்கு வாசித்துக் காட்டினேன். "மேடம், கீழ முட்டு எடுத்தாத்தானே மேல கொடுக்க முடியும்? ஒரு செட்டுதானே இறக்கியிருக்காங்க?" என்றார். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி, சாதாரண சிமென்ட் கான்கிரீட்டில் ஆறு மீட்டர் வரையுள்ள பீமின் முட்டுகளை எடுக்க 14 நாள் பொறுக்க வேண்டும். அதற்கு மேல் நீளம் என்றால் 21 நாள். எங்கள் பீம்கள் ஆறு மீட்டரைத் தாண்டியவை. பத்து நாளுக்கு ஒரு தளம் ஏற வேண்டுமென்றால் குறைந்தது மூன்று செட் முட்டு வேண்டும். ஷெட்யூலில் அந்தக் கணக்கே இல்லை. எழுதிக் கேட்டு, கூடுதல் முட்டுகளை வாடகைக்கு எடுக்க வைப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. எழுதிக் கேட்க ஆளில்லாத சைட்டில் என்ன நடக்கும்? தேதியைக் காட்டி நெருக்குவார்கள், கான்கிரீட் இறுகுவதற்கு முன்பே யாராவது முட்டுகளைத் தட்டிவிடுவார்கள். எனக்கு அதுதான் பயம்.

அந்த ஷெட்யூலைப் போட்டவர் கெட்டிக்காரர். எம்.இ. முடித்த கையோடு பிளானிங் பிரிவில் உட்கார வைக்கப்பட்டவர். முட்டு கொடுப்பதையும் பிரிப்பதையும் பார்க்க அவரை யாரும் அனுப்பவில்லை. பெண் இன்ஜினீயர்களுக்கு இந்த நிலை இன்னும் அதிகம். பாதுகாப்பு, கழிப்பறை வசதி என்று காரணம் சொல்லி, சேர்ந்த நாளிலேயே பில்லிங்குக்கோ பிளானிங்குக்கோ அனுப்பிவிடுகிறார்கள். சைட்டில்தான் வேலை செய்வேன் என்று நான் பிடிவாதம் பிடிக்க வேண்டியிருந்தது.

பின்னாளில் எம்.இ. வகுப்பில் சி.பி.எம். (கிரிட்டிகல் பாத் மெத்தட், வேலைகளை வரிசைப்படுத்தித் திட்டமிடும் முறை) பாடம் வந்தது. 1957 வாக்கில் அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனத்தில் ரசாயன ஆலை வேலைகளுக்காக உருவான முறை அது. வேலைகளின் வரிசையை மட்டும் போட்டால் போதாது, கையிலிருக்கும் பொருளையும் ஆளையும் வைத்து அதைத் திருத்த வேண்டும் என்று பேராசிரியர் விளக்கியபோது, மேஸ்திரி கேட்ட கேள்விதான் பாடமாக வந்திருக்கிறது என்று பட்டது. பி.இ. முடித்து நேராக வந்திருந்த தோழிகள் அதைப் பரீட்சைக்குக் குறித்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேறென்ன செய்ய முடியும்?

இறுதி ஆண்டு ஆய்விலும் இதே கதைதான். 'கட்டுமானத் தாமதத்துக்கான காரணங்கள்' என்று தலைப்பு வைத்து, கூகுள் ஃபார்மில் கேள்விகள் அனுப்பி, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டு, காரணங்களை வரிசைப்படுத்தி முடிக்கும் ஆய்வுகளை நிறையப் பார்த்துவிட்டேன். பணம் வரத் தாமதம், ஆள் பற்றாக்குறை, வரைபட மாற்றம். இந்த மூன்றையும் எந்த மேஸ்திரியும் ஒரே மூச்சில் சொல்வார். எந்த மாடியில், எந்த வாரத்தில், எத்தனை நாள் போனது, அதை எப்படி மீட்டார்கள் என்பதல்லவா ஆய்வு?

2014 ஜூன் 28 அன்று சென்னை அருகே மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். வெளியூர்களிலிருந்து கூலிக்கு வந்த தொழிலாளர்கள் அதில் எத்தனையோ பேர். அந்தச் செய்தியைப் படித்த பிறகு இந்தத் துறைப் படிப்பை வெறும் சர்டிபிகேட்டாக என்னால் நினைக்க முடியவில்லை.

சேமிப்பும் கணவரின் சம்பளமும் இருந்ததால் நான் வேலையை விட்டுவிட்டுப் படித்தேன். என்னோடு சைட்டில் நின்றவர்களில் பலருக்கு அந்த வசதி இல்லை. எம்.இ.க்கான 'கேட்' நுழைவுத் தேர்வு எழுதி முழுநேரம் சேர்ந்தால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. தரும் மாதம் 12,400 ரூபாயை நம்பி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வீட்டில் யார் வேலையை விடுவார்கள்? பகுதி நேர எம்.இ. சில இடங்களில் இருக்கிறது. ஆனால் கட்டுமானம் நடப்பது ஒரகடத்திலும் ஓசூரிலும் கோவைப் புறநகரிலும். சாயங்காலம் கான்கிரீட் வண்டி வந்து நிற்கும்போது வகுப்புக்குக் கிளம்ப முடியாது. இந்தப் பகுதிகளில் உள்ள கல்லூரிகள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தலாம். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு, சான்றளிக்கப்பட்ட சைட் அனுபவத்துக்கும் தனி மதிப்பெண் தரலாம்.

எல் அண்ட் டி நிறுவனம் 'பில்ட் இந்தியா' உதவித்தொகை மூலம் பி.இ. மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களில் கட்டுமான மேலாண்மையில் எம்.டெக். படிக்க வைக்கிறது. நல்ல ஏற்பாடு. மற்ற கட்டுமான நிறுவனங்கள் தங்களிடம் ஏற்கெனவே வேலை செய்யும் சைட் இன்ஜினீயர்களை இதே போலப் படிக்க அனுப்பினால் என்ன?

பொதுப்பணித் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் முடிந்துபோன பணிகளின் கோப்புகளை, முதலில் போட்ட கால அட்டவணை, கால நீட்டிப்பு உத்தரவு, செய்த வேலையின் அளவுகளைக் குறிக்கும் அளவுப் புத்தகம் உட்பட, எம்.இ. மாணவர்கள் ஆய்வுக்குக் கேட்டால் கொடுக்க வேண்டும். வழக்கு நிலுவையில் உள்ளவற்றை விட்டுவிடலாம். மற்றவற்றை இந்தக் கல்வியாண்டிலிருந்தே கொடுக்க உத்தரவிடுமாறு உயர்கல்வித் துறை அமைச்சரையும் பொதுப்பணித் துறை அமைச்சரையும் உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கு. மலர்விழி,
செங்கல்பட்டு.