நைலான் என்று விற்ற கயிறு தண்ணீரில் மிதக்கிறது

அனுப்புநர்:
ஒரு வாடிக்கையாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 24.01.2025

பொருள்: நைலான் என்ற பெயரில் அனுப்பிய 6 உருண்டைக் கயிற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தருவது பற்றி.

ஐயா,

உங்கள் தீபாவளி விளம்பரத் தாளில் "தமிழிலும் எழுதலாம்" என்று போட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதிப் பார்த்தாயிற்று, இது மூன்றாவது.

ஜனவரி 6 அன்று உங்கள் இணையக் கடையில் வெள்ளை நைலான் கயிறு, 2 மி.மீ. கனம், 100 மீட்டர் உருண்டை 6 வாங்கினேன். ஒன்று 85 ராண்ட், கூரியர் 99, ஆக 609 ராண்ட். லேபிளில் "100% நைலான்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

தைப்பூசக் காவடிக்குக் கோயில் பெண்கள் ஐந்து பேருக்கு குரோஷா ஊசியால் மஞ்சள் பை பின்னித் தருவதாகச் சொல்லியிருந்தேன். பால் சொம்பு, தேங்காய், கற்பூரம் வைத்துக்கொள்ள. கடையில் கிடைக்கிற மஞ்சள் எல்லாம் எலுமிச்சை மஞ்சள், அது காவடிக்கு ஒட்டாது. அதனால்தான் வெள்ளை வாங்கி நானே சாயம் போட நினைத்தேன். பட்டுக்கும் கம்பளிக்கும் போடுகிற அமிலச் சாயமே நைலானுக்கும் போதும். கொஞ்சம் வினிகர் விட்டு வெந்நீரில் வைத்தால் கெட்டியாகப் பிடிக்கும்.

முக்கால் மணி நேரம் அடுப்பில் வைத்தேன். பானை மஞ்சள், கரண்டி மஞ்சள், என் கை மஞ்சள். கயிறு மட்டும் போட்டபோது இருந்த வெள்ளையாகவே இருந்தது. அதைவிட, அமுக்க அமுக்க மேலே வந்து மிதந்தது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. நைலான் தண்ணீரைவிடக் கனம், ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 1.14 கிராம். பாலிப்ரோப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக் சுமார் 0.9 கிராம்தான், மிதக்கும். சாயமும் அதில் ஏறாது. ஒரு துண்டை வெட்டி நெருப்பில் காட்டினேன், மெழுகுவத்தி அணைத்த வாசனை வந்தது. நைலான் கருகினால் அப்படி மணக்காது. மூன்று சோதனையும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன.

உங்கள் ஊழியர் தம்பி தொலைபேசியில், "நைலான் என்பது பொதுவாகச் சொல்வது ஆன்ட்டி, எல்லாம் பிளாஸ்டிக்தானே" என்றார். கல்யாணமாகி இங்கே வருவதற்கு முன் திருச்சியில் சிவன் கண் என்ற பின்னல் போட்டு ஒயர் கூடை பின்னிய கை இது. பிளாஸ்டிக்கில் எது எது என்று இந்தக் கைக்குத் தெரியும். பாலிப்ரோப்பிலீன் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. விலை குறைவு, ஈரம் இழுக்காது, குளியலறைக் கூடைக்கு அருமையாக இருக்கும். அதன் பெயரிலேயே விற்றிருந்தால் அதற்கென்று வாங்கியிருப்பேன்.

பிறகு அந்தத் தம்பி, பணத்துக்குப் பதில் பருத்திக் கயிறோ சணலோ அனுப்புவதாகச் சொன்னார். பருத்தி நனைந்தால் கனக்கும், டர்பன் பிப்ரவரிப் புழுக்கத்தில் காய்வதற்குள் பூஞ்சை பிடிக்கும், பால் சிந்தினால் கேட்கவே வேண்டாம். சணல் விரலை அறுக்கும், பட்டுப் புடவையில் தும்பு ஒட்டும். பாலியெஸ்டர் இருக்கிறதா என்று நானே கேட்டேன். வெயில் தாங்கும், தொய்வும் குறைவு, ஆனால் வீட்டுச் சாயத்துக்கு அதுவும் மசியாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது சரி, இலுப்பைப்பூ மேல் சர்க்கரை என்று லேபிள் ஒட்டலாமா?

கடைசியில் பக்கத்து ஹார்டுவேர் கடையில், கொத்தனார்கள் சுவருக்கு மட்டம் பிடிக்கக் கட்டும் வெள்ளை நைலான் நூல் கிடைத்தது. ஒரு முழம் கேட்டு வாங்கி, கடைக்காரர் குடிக்க வைத்திருந்த தண்ணீரிலேயே போட்டுப் பார்த்தேன். அவர் முகம் போன போக்கு வேறு கதை. மூழ்கியது. பாலியெஸ்டரும் மூழ்குமே என்ற பயத்தோடு வீட்டில் சாயம் வைத்தேன், பிடித்துவிட்டது. மெல்லிய நூல், இரண்டு இழை சேர்த்துப் பின்ன வேண்டியிருக்கிறது. தைப்பூசத்துக்கு 18 நாள், இப்போதுதான் இரண்டாவது பை.

பிரித்த உருண்டையைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறீர்கள். இந்நாட்டு 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் உங்கள் செலவிலேயே திருப்பித் தரலாம். பணமா, மாற்றுப் பொருளா, பழுது நீக்கமா என்று முடிவு செய்வது வாங்கியவர். எனக்குப் பணம் வேண்டும், கூரியர் கட்டணம் சேர்த்து 609 ராண்ட். வீணான சாயத்துக்குக் கேட்கவில்லை. உங்கள் கடையின் இணையப் பக்கத்தில் இன்னமும் "நைலான்" என்றே இருக்கிறது, இன்று காலையும் பார்த்தேன். அதையும் மாற்றுங்கள். பிப்ரவரி 7-க்குள் பதில் வராவிட்டால் நுகர்பொருள் குறைதீர்ப்பாளரிடம் எழுதுவேன்.

ஐந்து உருண்டை பிரிக்காமல் இருக்கிறது. ஆறாவது வினிகர் வாடையோடு ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன். கூரியர் ஆளை வெள்ளிக்கிழமை மாலையில் அனுப்ப வேண்டாம், கோயிலில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்