நேனிக்கு ஒரு கடிதம்: சிகா மேசையை மூடுகிறோம்

அன்புள்ள நேனி,

வரும் ஈஸ்டருடன் ஹங்கேரியத் தேவாலயச் சமையலறையின் சிகா நூடுல்ஸ் (நத்தை வடிவில் உருட்டி சூப்பில் போடும் நூடுல்ஸ்) விற்பனையை நிறுத்திவிடுவதென்று முடிவாகிவிட்டது. கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இந்தக் கடிதத்தை என் வீட்டாரும் முன்பின் தெரியாதவர்களும் படிப்பார்கள், உங்கள் பேத்தி இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு உங்களுக்கும் வாசித்துக் காட்டுவாள். முடிவெடுத்தவர்களில் நானும் ஒருத்தி என்பதை மட்டும், பிறர் வாயால் கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தவுடன் கணக்குத்தான் முன்னால் வந்து நிற்கிறது. முட்டையும் மாவும் சேர்த்துப் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்து, விரல் நக அளவுச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் வரிப்பள்ளம் போட்ட சின்னப் பலகையில் மூலைவாட்டில் வைத்துக் குச்சியால் ஓர் உருட்டு உருட்டி எடுக்க வேண்டும். ஒரு பவுண்டு சேர்வதற்குள் ஊர்க்கதை முழுவதையும் பேசி முடித்துவிடலாம். சமையலறை நிறைய ஆட்கள் இருந்த இடத்தில் இப்போது நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்களில் இருவருக்கு விரல் மூட்டு மடங்குவதில்லை. விற்று வரும் பணம் குளிர்காலத்தில் தேவாலயக் கூடத்தைச் சூடாக்கும் செலவுக்கே பற்றவில்லை. மிஞ்சியிருக்கிற கைகளை, வீட்டோடு முடங்கிக் கிடக்கிறவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலைக்காவது வைத்துக்கொள்வோம் என்று நான்தான் சொன்னேன். நீங்கள் இருந்திருந்தால் சம்மதித்திருக்க மாட்டீர்கள். நீங்கள் இருந்திருந்தால் எனக்கும் அப்படிச் சொல்லத் துணிவு வந்திருக்காது.

ஆனால் நீங்கள் இல்லை. சமையலறைச் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் மகள் வீட்டுக்குக் கிளீவ்லாந்துக்குப் போனவர் நீங்கள். அத்தனை பேருடைய பிரிவுக்கும் விருந்து சமைத்தவருக்கு ஒரு பிரிவு விருந்து வைக்கக்கூட எங்களுக்கு வாய்ப்புத் தராமல் போனீர்களே, அது என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

உங்களுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்த அந்தக் குளிர்காலத்தைப் பற்றித்தான் உண்மையில் எழுத வேண்டும். மருத்துவமனையிலிருந்து வந்திருந்தீர்கள், வெளியே முழங்கால் அளவுக்குப் பனி. கோழி சூப் எனக்கு வைக்கத் தெரியாது. வீட்டில் அதைத் தொடுவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். ஆகவே பருப்பு ரசம் வைத்து, நீங்கள் உருட்டக் கற்றுக்கொடுத்த சிகாவையே அதில் வேகவிட்டு, தூக்குப்பாத்திரத்தில் மூடி எடுத்துக்கொண்டு வந்தேன். ஊன்றி நடக்கும் சட்டத்தைப் பிடித்தபடி வந்து கதவைத் திறந்தீர்கள். முகம் வெளுத்திருந்தது. பாத்திரத்தைப் பார்த்தீர்கள், என் ஈரக் காலணியைப் பார்த்தீர்கள். 'மாடியில் இருக்கும் பெரியவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், அவருக்குக் கொண்டுபோய்க் கொடு' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினீர்கள். நானும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முழுவதையும் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பாப்ரிகா மிளகாய்த்தூள் தூவியிருக்கலாம் என்றார். படியிறங்கி வரும்போது எனக்கு வந்தது கோபமா, மரியாதையா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நூற்றுக்கணக்கான வீட்டு வாசலில் சூப்போடு போய் நின்ற உங்களுக்கு, உங்கள் வாசலில் ஒருத்தி நிற்பதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த ரசத்தில் ஒரு கரண்டியாவது நீங்கள் குடித்திருக்கலாம், நேனி.

உங்கள் மாமனாரின் உதவிச் சங்கச் சந்தாப் புத்தகத்தை எனக்குக் காட்டியவர் நீங்கள்தான். 1886-இல் பென்சில்வேனியாவின் ஹேசல்டனில் 13 ஹங்கேரியச் சுரங்கத் தொழிலாளர்கள் கூடி வெர்ஹோவாய் உதவிச் சங்கத்தைத் தொடங்கியபோது, அவர்களில் ஒருவர் மற்றவருக்குத் தர்மம் செய்யவில்லை. இன்று நான் கட்டுகிறேன், நாளை சுரங்கம் என்மேல் இடிந்தால் என்னை எடுத்து அடக்கம் செய்கிற செலவுக்கு என் மனைவிக்குப் பணம் வரும் என்பதுதான் ஏற்பாடு. கட்டுவதில் எவ்வளவு கௌரவம் இருந்ததோ, வாங்குவதிலும் அவ்வளவு இருந்தது. 1955-இல் பிரிட்ஜ்போர்ட்டின் ராகோட்சி சங்கத்தோடு இணைந்து வில்லியம் பென் என்று பெயர் மாறிய பிறகும் அந்தச் சங்கத்தின் ஆதாரம் அதுதான். 1896-இல் டிரென்டனில் தோன்றிய ஹங்கேரியச் சீர்திருத்தக் கிறிஸ்தவச் சபைக் கூட்டமைப்பையும் சொல்லலாம். அதன் முயற்சியில் 1921-இல் லிகோனியரில் அநாதைக் குழந்தைகளுக்காகத் திறந்த பெத்லென் இல்லம் இன்று முதியவர்களைப் பராமரிக்கிறது. கொடுப்பவர், பெறுபவர் என்று அவர்கள் ஆட்களை இரண்டு வரிசையாக நிறுத்தவில்லை. அவர்கள் வழியில் வந்த நீங்கள்தான் நிறுத்தினீர்கள், அதில் ஒரு வரிசையில் மட்டுமே நிற்பேன் என்று பிடிவாதமும் பிடித்தீர்கள்.

இப்படி எழுதிவிட்டு, இதை எழுத எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றுகிறது. கில்மர் ராணுவ முகாம் இருந்த நிலத்தின் ஒரு பகுதியில் இப்போது ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் லிவிங்ஸ்டன் வளாகம் நிற்கிறது. நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து நான் வேலைக்குப் போகிற வழி அது. 1956 நவம்பர் தொடங்கி மறு ஆண்டு மே வரை ஹங்கேரியப் புரட்சியை நசுக்கிய சோவியத் பீரங்கிகளுக்குத் தப்பிவந்த 30,000-க்கும் மேற்பட்டவர்கள் அந்தப் படைக்குடியிருப்புகளின் வழியாகத்தான் இந்த நாட்டுக்குள் வந்தார்கள் என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் அவர்களில் ஒரு சிறுமி. அந்த முகாமைப் பற்றி ஒரே ஒரு முறை என்னிடம் பேசினீர்கள். நியூ பிரன்சுவிக்கிலிருந்து வந்த தேவாலயப் பெண்ணொருத்தி உங்களுக்கு மாட்டிவிட்ட மேலங்கி, கை நீளம் அதிகமாக, பச்சை நிறத்தில் இருந்ததாம். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்க விட்டுப்போயிற்று என்றீர்கள். அதற்குமேல் பேச்சை வளர்க்காமல் மாவைத் தேய்க்கத் தொடங்கினீர்கள். அந்த மேலங்கியின் கடனைத்தான் இத்தனை ஆண்டுகளும் அடைத்துக்கொண்டிருந்தீர்களோ என்று நான் நினைத்ததுண்டு. அப்படியே இருந்தாலும், அது எப்போதோ அடைபட்டுவிட்டது. வட்டியும் சேர்த்து.

கோயிலுக்குப் போகிறவளுக்குத் தேவாலயச் சமையலறையில் என்ன வேலை என்று என் உறவினர்கள் கேட்டபோது நான் சொன்ன பதிலை இங்கே எழுதினால் சிலர் மனம் நோகும், ஆகவே அதை விட்டுவிடுகிறேன். சாவிக்கொத்து இப்போது என்னிடம் இருக்கிறது. பலகைகளை எறியவில்லை, எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, நீங்கள் வைக்கும் அதே அலமாரியில் வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மட்டும், விற்பதற்கு இல்லாமல், எங்கள் வீட்டுச் சூப்புகளுக்காக உருட்டுவோம்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன், இதற்கும் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். கிளீவ்லாந்தில் உள்ள ஹங்கேரியத் தேவாலயம் ஒன்றின் பெண்கள் குழுவோடு பேசி, வீடு தேடிச் சாப்பாடு கொண்டுபோகும் அவர்களுடைய பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லிவிட்டேன். உங்கள் மகளுக்கும் இதில் சம்மதம்தான். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு பேர் வருவார்கள். அடுத்த தெருவில் காய்ச்சலோடு யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து வைக்க வேண்டாம், அவர்களுக்குத் தனிப் பாத்திரம் உண்டு. வருகிறவர்களில் இளையவளுக்கு ஹங்கேரி மொழி அவ்வளவாக வராது. அவளைத் திருத்தாமல் சாப்பிடப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மேசையின் கடைசி மாணவி