முயல் படத்தை மறைத்து ஒட்டிய ஸ்டிக்கர்: கினி பிக் உணவு குறித்த புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர் (பெயர், ஆர்டர் எண், பில் நகல் இணைப்பில்),
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 28.07.2025

பொருள்: அறுவை சிகிச்சை முடிந்த கினி பிக்குக்காக வாங்கிய உணவுக்குப் பதில், காலாவதியான முயல் தீவனத்தை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியது.

ஐயா / அம்மா,

எங்கள் வீட்டில் சீனி என்றொரு கினி பிக் (எலி இனத்தைச் சேர்ந்த சிறு வளர்ப்புப் பிராணி) இருக்கிறது. மூன்று வயது. என் மகள் வளர்ப்பது என்று பெயர்தான், பகலெல்லாம் அது என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். ஜூன் கடைசியில் சிறுநீரில் ரத்தம் கண்டது. திருவனந்தபுரத்தில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். எக்ஸ்ரே எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பையில் சுண்ணாம்புக் கல், ஜூலை 8-ஆம் தேதி ஆபரேஷன் என்றார்.

அவர் முதலில் சொன்னதே சாப்பாட்டைப் பற்றித்தான். நாய், பூனை போல இதை முந்தின ராத்திரி பட்டினி போடக் கூடாது. இதற்கு வாந்தி எடுக்கவே வராது. ஆனால் வயிறு சில மணி நேரம் காலியாகக் கிடந்தாலே குடல் ஓட்டம் நின்றுபோகும், ஆபரேஷன் நன்றாக முடிந்தும் இதனாலேயே செத்துப்போவது உண்டு என்றார். வீட்டுக்கு வந்ததும் தானாகத் தின்னும் வரை இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை சிரிஞ்சில் கொடுக்க வேண்டும். வைட்டமின் சி கட்டாயம், தேறிவரும் நேரத்தில் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 மில்லிகிராம். இன்னொன்று, குதிரைமசால் என்ற தீவனப் பயிர் கலந்த எதையும் கொடுத்துவிடாதீர்கள், அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், கல் திரும்ப வரும் என்று இரண்டு தடவை சொன்னார்.

அதனால்தான் ஜூலை 2-ஆம் தேதியே உங்கள் தளத்தில் 'கினி பிக் ரெக்கவரி ஃபுட்' இரண்டு பாக்கெட் ஆர்டர் போட்டேன். 1,480 ரூபாய், முன்பணம். 5-ஆம் தேதிக்குள் வந்துவிடும் என்று போட்டிருந்தீர்கள். வந்தது 10-ஆம் தேதி சாயங்காலம். நடுவில் 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று இரண்டு குறுஞ்செய்தி வேறு. வாசல் பக்கத்து அறையில் உட்கார்ந்து தைக்கிறவள் நான், வீட்டில் இல்லாமல் எங்கே போனேன்? போன் பண்ணிக் கேட்டால் 'உங்க ஊர் கேரளால வருதா மேடம்?' என்றார் உங்கள் பையன். 1956 நவம்பர் 1-லிருந்து நாங்கள் தமிழ்நாட்டில்தான் இருக்கிறோம். போகட்டும், தாமதத்தைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை. உள்ளே வந்த சாமானைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பத்தாம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு முதல் தடவை கலக்கினேன். சீனியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சை முன்பல்லுக்குப் பின்னாலிருக்கும் சந்தில் பக்கவாட்டாக நுழைத்து, அது மென்று முழுங்கும் வரை காத்திருந்து, திரும்பக் கொஞ்சம். பத்தரைக்கு ஒருமுறை, ஒரு மணிக்கு ஒருமுறை. அந்த ஒரு மணிக்குத்தான் டியூப்லைட் வெளிச்சத்தில் பாக்கெட்டைச் சரியாகப் பார்த்தேன். உங்கள் ஸ்டிக்கரின் மேல்விளிம்புக்கு வெளியே இரண்டு நீளக் காது நீட்டிக்கொண்டிருந்தது. கினி பிக்குக்கு ஏது அவ்வளவு நீளக் காது?

இஸ்திரிப் பெட்டிச் சூட்டை லேசாகக் காட்டினேன், பசை இளகி ஸ்டிக்கர் முழுசாக உரிந்து வந்தது. அடியில் முயல் படம். 'வளரும் முயல் குட்டிகளுக்கு' என்ற எழுத்து. சேர்மானத்தில் முதல் பெயரே குதிரைமசால். வைட்டமின் சி என்ற பேச்சே இல்லை. உபயோகிக்க வேண்டிய காலம் மே மாதத்தோடு முடிந்திருக்கிறது, உங்கள் ஸ்டிக்கரிலோ டிசம்பர் வரை. இரண்டு பாக்கெட்டும் அப்படியே. போட்டோக்களை இணைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை உங்கள் சேவை மையத்தில் பேசினேன். 'முயலும் கினி பிக்கும் ஒரே ஃபேமிலிதான் மேடம், தாராளமா கொடுக்கலாம்' என்றார் ஒரு பெண். உயிரின வகைப்பாட்டில் இரண்டும் ஒரே குடும்பமும் இல்லை, அதைவிடப் பெரிய பிரிவான ஒரே வரிசையும் இல்லை. முயல் தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்ளும். கினி பிக்குக்கு அது முடியாது, நம்மைப் போலவே தின்றுதான் ஆக வேண்டும். இது தெரியாமல் தையல்காரி நான் இருக்கலாம், கினி பிக் உணவு விற்கிற நீங்கள் இருக்கலாமா? அதோடு விட்டாரா? 'ஆபரேஷன் ஆனா ரெண்டு நாள் சாப்பிடாதுதான், கவலைப்படாதீங்க' என்றும் சொன்னார். அந்தப் பேச்சை நம்பி யாராவது சும்மா இருந்திருந்தால் அந்த உயிர் போயிருக்கும். பிறகு வந்த மின்னஞ்சலில், பிரித்த பாக்கெட்டைத் திரும்ப எடுப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். பிரிக்காமல் எப்படி ஊட்டுவது?

மூன்று வேளை கொடுத்ததால் சீனிக்குக் கல் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை, மருத்துவரும் சொல்லவில்லை. ஆனால் சரியான உணவு கையில் இல்லாத அந்த நாட்கள் எங்களுக்குத்தான் தெரியும். அளவு எழுதும் நோட்டிலேயே தினமும் காலையில் அதன் எடையையும் குறித்தேன். ஆபரேஷன் அன்று 912 கிராம், பத்தாம் தேதி 874, பதினொன்றாம் தேதி 851, அடுத்த நாள் 848. மருத்துவர் சொன்னபடி, முன்பே வீட்டிலிருந்த புல் பெல்லட்டை (புல்லை அழுத்திச் செய்த குச்சித் தீவனம்) ஊறவைத்து, மசித்து, வடிகட்டிக் கொடுத்தேன். வைட்டமின் சி சொட்டு மருந்து தனி. சந்தையில் சிவப்புக் குடைமிளகாய் வாங்கி, விதை எடுத்துக் கொடுத்தோம். பக்கத்து வீட்டு அக்கா பாவம், ஆசையாக ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்தார். அதிலும் சுண்ணாம்பு, குழம்பில்தான் போட்டோம். ஆனிச் சாரலில் அருகம்புல் எல்லாம் நனைந்து கிடந்ததால், மகள் பறித்துவந்து, துணி காயப்போடும் கொடிக்குக் கீழே ஃபேன் போட்டு உலர்த்திக் கொடுத்தாள். பதின்மூன்றாம் தேதி சீனி அதில் ஒரு புல்லைத் தானாக இழுத்து மென்றது. அன்றைக்குத்தான் நான் தூங்கினேன்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். 1,480 ரூபாயையும் முழுசாகத் திருப்பித் தர வேண்டும். ஸ்டிக்கர் எங்கே, யார் ஒட்டியது என்று எழுத்தில் பதில் வேண்டும். உறையில் அச்சிட்ட விவரத்தை ஸ்டிக்கர் ஒட்டி மாற்றக் கூடாது என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளிலேயே இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், இதே சரக்கை வாங்கிய மற்றவர்களுக்கு உடனே போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள். அவர்கள் எல்லோரிடமும் இஸ்திரிப் பெட்டி இருக்காது.

ஜூலை 12-ஆம் தேதி உங்கள் குறைதீர் முகவரிக்கு முதல் புகார் அனுப்பினேன். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 16 நாள் ஆகிவிட்டது, ஒரு வரி வரவில்லை. ஆகஸ்ட் 12 வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலும், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது, தக்கலையிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம்.

இரண்டு பாக்கெட்டும் உரித்த ஸ்டிக்கர்களும் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. ஆள் அனுப்பினால் ரசீது வாங்கிக்கொண்டுதான் கொடுப்பேன். எந்த நேரத்திலும் வரட்டும், நான் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தக்கலை வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், பாக்கெட் போட்டோக்கள், மருத்துவரின் சீட்டு நகல், எடை குறித்த நோட்டின் இரண்டு பக்கங்கள் (இன்று காலை 903 கிராம்).