பிளைத்பரா ஆலயத்தைப் பார்க்கும் முறை

அன்புள்ள கயலுக்கு,

சனிக்கிழமை இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் இருக்கும் பிளைத்பரா ஆலயத்துக்குப் போகிறாய் அல்லவா? கட்டாயம் ஒரு பைனாகுலர் எடுத்துக்கொள். போனதும் உள்ளே நுழைந்துவிடாதே. முதலில் வெளியே ஒரு சுற்று வா.

மேற்குக் கோபுரம் 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். ஆலயத்தின் மற்ற பகுதி 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பீடப் பகுதியைப் புதிதாகக் கட்ட மன்னர் நான்காம் ஹென்றி 1412இல் அனுமதி தந்தார். அதனால்தான் கோபுரம் அலங்காரமில்லாமல் எளிமையாக நிற்க, அதை ஒட்டிய கூடம் முழுக்க ஜன்னலாக இருக்கிறது.

சஃபோக்கில் நல்ல கட்டடக்கல் கிடையாது. சிக்கிமுக்கிக்கல்தான் கிடைக்கும். அது கடினமானது, ஆனால் உருண்டை உருண்டையாக இருக்கும். மூலை திருப்பவோ ஜன்னல் சட்டம் செதுக்கவோ ஆகாது, அதற்கெல்லாம் வெளியூர்க் கல் வர வேண்டும். கிழக்கு ஜன்னலுக்குக் கீழே இரண்டு கல்லையும் சேர்த்து எழுத்துகள் பதித்திருக்கிறார்கள், தவறவிடாதே. இந்தச் சுவர்களைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்புக் காரை. அது ஈரத்தை உறிஞ்சும், திரும்ப வெளியே விட்டும்விடும். இப்படிப்பட்ட சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உறைபனியில் அது உறைந்து விரியும்போது முகப்புக் கற்கள் உட்சுவரைவிட்டுப் பிரிந்து உதிரும்.

உள்ளே போனதும் மேலே பார். உயரத்தில் பக்கத்துக்கு 18 ஜன்னல்கள். கூரையின் நடுவே சிறகு விரித்த மரத் தேவதூதர்கள், முதுகோடு முதுகு ஒட்டி, இரண்டிரண்டாக. பழைய வண்ணம் இன்னும் மங்கலாகத் தெரியும். அது பிழைத்ததற்குக் காரணம் உண்டு. கூரை ஒழுகி, ஆபத்து என்று 1881இல் ஆலயத்தை மூடினார்கள். எப்படிப் பழுதுபார்ப்பது என்று பெரிய தகராறு. பழையதைப் பிடுங்கிப் புதிது வைக்காதீர்கள், இருப்பதைச் செப்பனிடுங்கள் என்று வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் போராடியது. என்னைக் கேட்டால், அந்தச் சங்கம் சொன்னதுதான் சரி.

தேவதூதர்களில் துப்பாக்கிக் குண்டுத் தடங்கள் உண்டு. 1644இல் ஆலயங்களில் சிலையும் படமும் இருக்கக் கூடாது என்று உடைக்க வந்த வில்லியம் டவ்சிங்கின் ஆட்கள் சுட்டது என்பார்கள். நம்பாதே. டவ்சிங் இருபது தேவதூதர்களை இறக்கச் சொன்னது உண்மைதான். ஆனால் மரத்தில் கிடைத்த ஈயக்குண்டு பிற்காலத்தது. கூரையில் அடைந்த ஜாக்டா காக்கைகளைச் சுட மருந்தும் குண்டும் வாங்கிய செலவு 18ஆம் நூற்றாண்டு ஆலயக் கணக்கில் இருக்கிறது.

கடைசியாக வடக்குக் கதவு. 1577 ஆகஸ்ட் 4 அன்று புயலில் கோபுரத்தின் கூர்முனை விழுந்து, ஒரு ஆணும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். கதவில் உள்ள கருகல் தடங்கள் அன்று பேய்நாய் விட்டுப்போன நகக்குறி என்று ஊரில் கதை உண்டு. செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார். ஒவ்வொன்றும் தனித்தனியாக, கண்ணீர்த்துளி வடிவில் இருக்கும். இங்கிலாந்தின் பழைய வீட்டு உத்தரங்களிலும் இதே வடிவத் தடங்கள் உண்டு. அவை மெழுகுவர்த்திச் சுடரை மரத்தோடு ஒட்டிப் பிடித்ததால் வந்தவை. விரலால் தொடாதே, கரி உதிரும்.

அன்புடன்,
அப்பா